அறுபது அல்ல, முப்பது

கறுப்புக் கோட்டின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து நான்காவது ஊக்கைக் குத்தினாள் அக்கா.

"கோட்டுக்குள்ள நீ இருக்கியா, இல்ல ஹேங்கர் இருக்காடா?"

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தம்பி சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. இடுப்புக்குக் கீழே போர்வை. அது கேமராவில் தெரியாது என்று அவனே சொல்லியிருந்தான்.

தம்பி வக்கீல். கோர்ட்டு நேரம் போக, சட்டத்தை வீட்டுப் பேச்சில் விளக்கி வீடியோ போடுவான். போனைப் பிடிப்பது அவன் மகள். மனைவி இறந்ததிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டது அக்கா. வரும்போது தையல் மெஷினையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள்.

அன்று காலை அவன் தன்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னதற்கு ஒரு பெண் காரணம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் உண்டு என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான். பழைய சட்டத்தில் அறுபது. திருத்தத்துக்குப் பிறகு முப்பது. இருபது வருடம் சொல்லிப் பழகிய வாய், பழையதையே சொல்லிவிட்டது. அதை நம்பி நாற்பத்தைந்தாவது நாள் கோர்ட்டுக்குப் போன அந்தப் பெண்ணைக் காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டதாகக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதில் கோபம்கூட இல்லை.

"வீடியோக்குக் கீழ எழுதிப் போட்டுடறேன்ப்பா," என்றாள் மகள்.

"எழுதினா யாரும்மா படிப்பாங்க? எழுத்து தெரியாதவங்களுக்குத்தான நான் பேசினதே."

கடவுளே, இவனை ஒரு நிமிஷம் பேச விடு என்று அக்கா மனதுக்குள் கேட்டாள். தனக்கென்று அதிகம் கேட்டுப் பழகாதவள்.

"வணக்கம். நான் முன்னால ஒரு..." என்றான். மூச்சு அங்கேயே முட்டி நின்றது. மறுபடி ஆரம்பித்தான். மூன்றாவது முறை வணக்கமே வரவில்லை. அக்கா ஒவ்வொன்றாக ஊக்குகளைக் கழற்றினாள்.

பகல் ஒரு மணிக்குப் போய்விட்டான்.

முகத்தைத் துடைத்து, கண்களை மூடி, செய்ய வேண்டியதையெல்லாம் அவளே செய்தாள். ஆனால் பாரத்தை இறக்கிவைக்க விடாமல் ஒருவனை வழியனுப்புவது பாவமாகப் பட்டது அவளுக்கு. மூன்று மணிக்குக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்தபோது, மகளைத் தையல் மெஷின் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

"போனை எடும்மா. நான் சொல்லிடறேன்."

தம்பியோடு ஒரே அலுவலகத்தில் தொழில் பார்த்த வக்கீல் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, இன்னிக்கா? ஊரே அவனப் பத்தி நல்லபடியா பேசிட்டிருக்கு. இன்னிக்குப் போய் அவன் தப்பு பண்ணான்னு நம்ம வாயால சொல்லணுமா? ஒரு வாரம் போகட்டும், நானே பேசறேன்."

"நீங்க பேசினா இன்னொரு வக்கீல் வம்புக்கு வந்த மாதிரி இருக்கும். கோர்ட்டு ஆபீஸ எத்தன மணிக்கு மூடுவாங்க?"

"அஞ்சு மணிக்கு."

"இன்னிக்கு யாருக்காவது முப்பதாவது நாளா இருந்தா?"

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்க் காவல்போல நின்றார்.

"பழைய வீடியோவ எடுத்துட்டாப் போதாதா அத்தை?" என்றாள் மகள். "அதுலதான் அப்பா வாய்விட்டுச் சிரிப்பாரு. அதையே எடுத்துடறேன். நீங்க இத சொல்ல வேணாம்."

"அதையும் எடுக்கத்தான் வேணும் கண்ணு. ஆனா ஏற்கெனவே கேட்டுட்டுப் போனவங்க காதுல இருந்து எப்படி எடுப்ப?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை உயர்த்தினாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் வக்கீலோட அக்கா. தையல்காரி. எனக்குச் சட்டம் தெரியாது. என் தம்பி இன்னிக்கு மத்தியானம் தவறிட்டான். வீட்டக் காலி பண்ணச் சொன்னா மேல்முறையீட்டுக்கு அறுபது நாள்னு அவன் சொன்னது தப்பு. முப்பதுதான். காலைல இருந்து அதச் சொல்லத்தான் பாத்தான், மூச்சு இடம் குடுக்கல. நாள் மிச்சம் இருக்கறவங்க இப்பவே கிளம்புங்க."

இது போதுமா என்று சந்தேகம் வந்தது. பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். மூடினாள். மறுபடி விரித்தாள். அப்படி மூன்று முறை.

"முடிஞ்சுது அத்தை," என்றாள் மகள்.

கூடத்திலிருந்து யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கைகள் மடியில், விரித்தது விரித்தபடியே கிடந்தன.