பொது டைரக்டரியில் விழுந்தது

அலுவலகத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்த வாயாடிதான் ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

எக்ஸ்ரே படங்களில் எலும்பு விரிசலைக் கண்டுபிடிக்கும் நிரல் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அது பக்கத்து மேஜை அக்காவின் வேலை. நாலாயிரம் படங்களில் விரிசல் இருக்கும் இடத்தை ஒவ்வொன்றாகத் தன் கையால் குறித்து, அதை வைத்து நிரலைப் பழக்கியிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று சரியாகச் சொல்லும்.

வாயாடிக்கு வேறு வேலை. ஆனால் இரண்டுக்கும் அடித்தளமான மென்பொருள் ஒன்றுதான். அதன் இன்னும் வெளிவராத பதிப்பு அவளுக்குத் தேவைப்பட்டது. மூலநிரலை இறக்கி, கணினியில் ஓடும் வடிவத்துக்குத் தானே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் பொதுவான சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பாஸ்வேர்டைக் கொடுக்கும்போதே எச்சரித்தார்.

"உங்களுக்குன்னு ஒரு டைரக்டரி போட்டு அதுல இன்ஸ்டால் பண்ணிக்கோங்கம்மா. பொதுவுல இருக்கறதுல கை வெச்சிடாதீங்க."

"அது கூடவா தெரியாது சார்!"

இரண்டு முறை பாதியில் நின்றுபோனது. மூன்றாவது முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினாள். எங்கே நிறுவ வேண்டும் என்று சொல்கிற வரி மட்டும் விட்டுப்போனது. மூன்று மணி நேரம் ஓடி, பிழையில்லாமல் முடிந்ததும் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். போய் விழுந்த இடத்தை யார் பார்த்தார்கள்?

அடுத்த வாரம் அக்காவின் நிரல் எண்பத்தொன்றுக்கு இறங்கியது.

"சர்வர்ல யாராச்சும் எதையாச்சும் மாத்தினீங்களா?"

"நான் தனியாத்தான் போட்டேன் அக்கா," என்றாள். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னாள். பிறகு மனசு கேட்காமல் போய்ப் பார்த்தாள். அவளுடைய டைரக்டரி காலி. பொது டைரக்டரியில் இருந்த பழைய பதிப்பின் மேலேயே புதியது உட்கார்ந்திருந்தது. படத்தைச் சிறிதாக்கும் முறை இதில் வேறு; பழகிய மாதிரி படம் வராததால்தான் அக்காவின் நிரல் தடுமாறியிருக்கிறது. நாளைக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் வந்தபோது அக்கா முதல் எக்ஸ்ரேயைத் திறந்து வைத்திருந்தார். "நான் குறிச்சதுலதான் தப்பு இருக்கணும். முதல்லேருந்து பாத்துடறேன்."

"நானும் கூடப் பாக்கறேன் அக்கா," என்றுதான் அவள் வாயில் வந்தது.

தினமும் மதியம் இருவரும் சேர்ந்து படம் பார்த்தார்கள். நாள் ஏற ஏறச் சொல்வது மலையாகிக்கொண்டே போனது. அக்கா மேலாளரிடம், "இந்தப் பொண்ணு ஒருத்திதான் எனக்குத் தோள் கொடுக்கறா," என்றபோது அவள் கூனிக்குறுகிப் போனாள்.

ஒன்பதாம் நாள் அக்கா தன் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "கண்ணு மங்கிடுச்சு போலடி. எந்தப் படத்துலயும் தப்பு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. நாளைக்கு ஒருத்தர் காலோ கையோ என்னால கெட்டுச்சுன்னா? வேலையை விட்டுடறதுதான் நல்லது."

போனை வைக்கும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நான்தான் பொது டைரக்டரியில போட்டுட்டேன்."

அக்கா போனை மெல்ல மேஜையில் வைத்தார். "எப்பத் தெரியும்?"

"நீங்க கேட்ட அன்னிக்கே."

அக்கா சர்வர்காரரைக் கூப்பிட்டார். சர்வர்காரர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வாயாடி பழைய பதிப்பின் மூலநிரலை இறக்கினாள். இம்முறை அக்காவுக்கென்று தனி டைரக்டரி. அந்த வரியைத் தட்டி, மூன்று தரம் படித்த பிறகே என்டரை அழுத்தினாள். சாயங்காலம் தொண்ணூற்று மூன்று திரும்பி வந்தது.

அவள் கண் கலங்கிப் பார்த்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்ஸ்டால் தப்பாப் போறது யாருக்கும் நடக்கும். அதுக்குக் கோவமே இல்ல. ஒண்ணுமில்லாத தப்பை என்கூட உக்காந்து ஒன்பது நாள் தேடினியே, அது எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி எல்லோருக்கும் மெயில் அனுப்பினாள். வேலை போகவில்லை. மேலாளர் திட்டியதோடு சரி. அக்கா நாலு நாள் கழித்துப் பேசினார், சிரிக்கவும் செய்தார். ஆனால் ஏதாவது இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தால், எழுந்து அவள் மேஜையைத் தாண்டிப் போய் சர்வர்காரரையே அழைத்து வந்தார். அப்போதெல்லாம் வாயாடி தலையைக் குனிந்து, தன் திரையில் எதையோ தேடுவதுபோல இருப்பாள்.