ருசி மட்டும் பார்த்தவர்

இருநூறு பேருக்குச் சமைக்கச் சொன்னால் தொழிற்சாலைக் கேன்டீன் மாஸ்டர் அரைத்தூக்கத்திலேயே சமைத்து இறக்கிவிடுவார். இரண்டு பேருக்குச் சமைக்கத்தான் தெரியாது. இருபத்தாறு வருஷம் அடுப்பே கதியென்று கிடந்த மனுஷன், வாராவாரம் மருத்துவமனை மாடிக்குப் போய் வீட்டுச் சமையல் கற்றுக்கொள்கிறார் என்று தெரிந்தால் தொழிற்சாலையே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் வகுப்புப் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் 'ஆபீஸ்' என்று எழுதிவைத்தார். எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பார்.

போகாமல் இருக்கவும் முடியாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறு புள்ளி மூன்று என்று வந்திருந்தது. "ஆறரையைத் தொட்டா சர்க்கரை வியாதின்னு எழுதிடுவேன். இப்பவே சாப்பாட்டை மாத்தினா தப்பிக்க வழி இருக்கு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்," என்றார் டாக்டர். மாஸ்டருக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அவரும் சமையல்காரர்தான், சர்க்கரைக்காரரும்கூட. காலில் வந்த சின்னப் புண்ணை நாலு மாதம் அலட்சியம் செய்துவிட்டு, இப்போது வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மகள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவனுக்குக் கால்தான் முதலீடு. அது போனால் மாஸ்டருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

வகுப்பை நடத்தியது ஒரு நர்ஸம்மா. முதல் நாளே குட்டு வெளிப்பட்டது.

"ரெண்டு பேருக்கு அளவா கோஸ் நறுக்குங்க," என்றார். பக்கத்திலிருந்த தையல்காரம்மா மேல் இலையைப் பிரித்து முடிப்பதற்குள், மாஸ்டர் ஒரு முழுக் கோஸை நூல் நூலாக நறுக்கித் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார். கை பழகிய வேகத்துக்குப் புத்தி ஈடுகொடுக்கவில்லை. எண்ணெயைக் கரண்டியால் மொண்டு ஊற்றினார். உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டார். தையல்காரம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார்.

திரும்பி வந்ததும், "எந்த ஆபீஸ்லண்ணே இப்படிக் கோஸ் நறுக்குறாங்க?" என்றார்.

மானம் கப்பலேறிய பிறகு எதை மறைப்பது. மாஸ்டர் உண்மையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா மட்டும் சிரிக்காமல், அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு ஒரு டீஸ்பூனைக் கொடுத்தார். ரெண்டு பேருக்கு எண்ணெய் ரெண்டு ஸ்பூன். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ, கால்வாசிதான் சோறு. மாஸ்டர் அந்த ஸ்பூனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கேன்டீனில் இவ்வளவு எண்ணெயை அண்டாவின் விளிம்பில் சிந்தியே விட்டுவிடுவார்.

அடுத்த வாரம் நர்ஸம்மா எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். "நேத்து காலையிலேருந்து வாய்க்குள்ள போனதை எல்லாம் எழுதுங்க." தையல்காரம்மா இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதினார். மாஸ்டர் ஒரே வரியில் முடித்தார். காலை ஒன்றுமில்லை, மதியம் ஒன்றுமில்லை, ராத்திரி வீட்டில் ரெண்டு வாய் சோறு. எழுதிவிட்டு, துறவு பூண்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நர்ஸம்மா தாளைப் படித்தார். பிறகு அவருடைய வயிற்றைப் பார்த்தார். "இதுல எப்படி சர்க்கரை ஏறும், மாஸ்டர்?"

"அதைத்தான் சிஸ்டர் நானும் கேக்கலாம்னு இருந்தேன். மெஷின்ல ஏதும் கோளாறு இருக்குமோ?"

"வேலை செய்யும்போது ருசி பாப்பீங்களா?"

"பாக்காம? அது சாப்பாட்டுல சேராதே."

"சேராதுன்னு உங்க நாக்கு சொல்லுதா, ரத்தம் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நாளைக்கு ஒரு ஸ்பூன் வாயில போட்டா, அதே அளவு இந்த டப்பாவுலயும் ஒரு ஸ்பூன் போடுங்க. மத்தபடி எப்பவும் போல இருங்க."

இதென்ன பிரமாதம் என்று மாஸ்டர் டப்பாவோடு வேலைக்குப் போனார். பருப்பில் உப்புக்கு ஒரு ஸ்பூன். கறியில் காரத்துக்கு ஒன்று, காரம் இறங்கியதா என்று இன்னொன்று. வறுத்த உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று ஒரு துண்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. நாலு துண்டாவது வேண்டும். பால் இனிப்பில் சர்க்கரை சரியா என்று பார்க்க ஒரு ஸ்பூன், சரிதான் என்று உறுதி செய்ய ஒரு ஸ்பூன், சரியாக வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் ஒரு ஸ்பூன். பத்தரை மணிக்கு டப்பா நிறைந்து மூடி மூட மறுத்தது. பாத்திரம் கழுவும் அக்கா, ஒன்றும் கேட்காமல், அதைவிடப் பெரிய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நாலு மணிக்கு அதுவும் நிறைந்தது.

வேலை முடிந்ததும் மாஸ்டர் சரக்கு அறைக்குள் போய், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, இரண்டு டப்பாவையும் திறந்துவைத்துப் பார்த்தார். இது ஒரு நாள். இப்படி இருபத்தாறு வருஷம். 'பாவம், வாயில் ஒன்றும் போடாமல் உழைக்கிறார்' என்று ஊரைச் சொல்லவைத்த மகானுபாவன் தான்தானா என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அண்ணனின் நாற்காலி ஞாபகம் வந்ததும் அது நின்றுவிட்டது. அவமானமாக இருந்தது. டப்பாக்களை அங்கேயே காலி செய்து, கழுவிக் கவிழ்த்தார். வீட்டில் மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து ருசி பார்க்கிற வேலையைச் சமையல்கட்டில் இருந்த ஆறு பேருக்குப் பங்கு போட்டார். ஆளுக்கு ஒரு ஸ்பூன், தனக்கும் ஒரே ஸ்பூன். முதல் வாரம் கை தானாக அண்டாவுக்குப் போய்த் திரும்பியது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வயிறு கபகபவென்று பசித்தது. மனைவி வைத்ததை வழித்துச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே டீஸ்பூனும் கையுமாக அடுப்பு முன்னால் நின்றார். "இது யாருக்கு, ஊரைக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்று அவள் பாதிக் காயை எடுத்து ஓரமாக வைப்பாள். அவர் அசடு வழிவார்.

மூன்று மாதம் கழித்து ஐந்து புள்ளி ஒன்பது என்று வந்தது. "இப்படியே விடாம பாத்துக்குங்க," என்றார் டாக்டர். மாஸ்டர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் வீட்டுக்கு நடந்தே வந்தார். இரண்டு காலும் இருக்கிறதே, நடந்தால் என்ன என்று தோன்றியது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சு விட்டாள். அந்தச் சந்தோஷத்தில் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. டப்பா கதை முழுவதையும், கிழங்கு, பால் இனிப்பு எதையும் விடாமல், தன்னைத்தானே கிண்டலடித்தபடி சொல்லி முடித்தார். அவள் சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க ரெண்டு வாயில எழுந்திரிச்சது, வயிறு ரொம்பியிருந்ததாலயா?"

"ஆமா. பின்ன எதுக்கு?"

"என் சமையல் வாயில வைக்க முடியலன்னு நெனச்சேன்." கையிலிருந்த சட்டையை மடிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். "பெரிய மாஸ்டர் ஆச்சே, நம்ம சமையல் எப்படிப் புடிக்கும்னு மாத்தி மாத்திச் செஞ்சு பாத்தேன். இந்த மூணு மாசமும்கூட, டாக்டருக்குப் பயந்து கஷ்டப்பட்டு முழுங்குறீங்கன்னுதான் இருந்தேன்."

மாஸ்டர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள்.

"சொல்லியிருக்கலாம்," என்றார் மாஸ்டர். "எனக்கே இந்த மூணு மாசமாத்தான் தெரியும்."