சிரம்பான் சுற்றிப் பார்த்த நாள்

அது ஜப்பான்காரன் ஆண்ட காலம்; ஜப்பான் ராஜாவின் பிறந்தநாளுக்கு லாபு ரப்பர் தோட்டத்தில் விடுமுறை விட்டார்கள். அங்கே வேலை செய்த பஞ்சாலை, அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தோட்டத்துக் கணக்கரான கிராணி ஆம்புரோஸிடம் நடையாய் நடந்து, சிரம்பானுக்குப் போய்வர பாஸ் வாங்கியிருந்தாள். மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கிராணி மூன்று தடவை சொன்னார்.

அவளுக்கு வேண்டியது துணி. மிஞ்சியிருந்த ஒரே சேலையைத் துவைத்துப் போட்டால், காயும்வரை சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் ஒரு சீனத்தி கோழியை வாங்கிக்கொண்டு துணி கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வளர்த்த சேவலின் காலைக் கட்டிக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி ராக்கம்மாவும் வருவேன் என்றாள். அவள் புருஷன், பஞ்சாலையின் அண்ணன் மாயாண்டி, ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்குப் போய் ஒரு வருஷமாகத் தகவல் இல்லை. பாவம் என்று அவள் பெயரையும் பாஸில் எழுத வைத்தாள் பஞ்சாலை. ரயிலை விட்டு இறங்கிய பத்தாவது நிமிஷம் அதற்காக வருந்தினாள்.

தோட்டத்துக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ராக்கம்மா சிரம்பானைப் பார்த்ததே இல்லை. முடிவெட்டும் கடையில் நாற்காலி சுழல்வதைப் பார்க்க நின்றாள். டயருக்குப் பதில் ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிளைப் பார்க்க நின்றாள். பசாரில் கருவாடு, சீப்பு, சாம்பலில் காய்ச்சிய சவுக்காரம் எல்லாவற்றையும் எடுத்து, முகர்ந்து, விலை கேட்டு, வைத்துவிட்டு நகர்ந்தாள். கடைக்காரர்கள் பஞ்சாலையைத்தான் முறைத்தார்கள். தோளில் கூடை கனத்தது. உச்சி வெயில் ஆகிவிட்டது.

அப்போதுதான் யாரோ ஏரித் தோட்டம் என்கிற பூங்கா பக்கத்தில்தான் என்று சொல்லித் தொலைத்தார்கள்.

"துணி எங்க ஓடிப் போயிடப் போவுது? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்லா," என்றாள் ராக்கம்மா. பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள்.

ஏரிக்கரையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு இருவரும் கால் நனைத்தார்கள். கூடைக்குள் சேவல் கூவியது. மர நிழலில் உட்கார்ந்திருந்த ஜப்பான் சிப்பாய் ஒருவன் எழுந்து வந்தான். இருவரும் அவசரமாகக் குனிந்து வணங்கினார்கள். அவன் சேவலை எடுத்து எடை பார்த்தான். பஞ்சாலை கையில் ஒரு சிகரெட்டைக் கொடுத்துவிட்டுச் சேவலைத் தூக்கிக்கொண்டு போனான்.

பஞ்சாலை சிகரெட்டைத் தண்ணீரில் எறிந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது.

"அண்ணன் தானா பேரு கொடுத்துட்டுத்தான் சயாமுக்குப் போச்சு. ஒங்களோட இருக்கிறதுக்கு அதுவே மேல்னு நெனச்சிருக்கும்."

ராக்கம்மா ஈரக் காலோடு எழுந்து, எதிரே வந்தவரிடம் தெமியாங்குக்கு வழி கேட்டு நடக்கத் தொடங்கினாள். பஞ்சாலை வெறுங்கூடையோடு பின்னால் போனாள்.

சீனத்தியிடம் நீலத்துணி ஒரே துண்டுதான் இருந்தது, பன்னிரண்டு முழம். ராக்கம்மா அதைக் கசக்கினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், ஓட்டை இருக்கிறது என்றாள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். இங்கேயும் பசார் வேலையா என்று பஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ராக்கம்மா மூக்குத்தியைக் கழற்றி நீட்டினாள். துணியோடு ஊசியும் நூல்கண்டும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

பாதித் தெரு கடந்த பிறகு பஞ்சாலை, ஏரிக்கரையில் தான் சொன்னது தப்பு என்றாள்.

"தப்புதான்," என்றாள் ராக்கம்மா. "அவரு பேரு கொடுக்கல. வேலை வாங்குற மண்டோர்தான் எழுதிக்கிட்டாரு. ஒனக்கும் தெரியும்."

"தெரியும் அண்ணி."

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ராக்கம்மா ஒரு கடிகாரக் கடை முன்னால் நின்றாள். இந்தத் தடவை அவளை இழுத்துப் போகப் பஞ்சாலைக்கு மனம் வரவில்லை. ரயில் போய்விட்டது. தண்டவாளம் வழியாகவே நடந்து, பொழுது சாயும் நேரத்தில் லாபு வந்து சேர்ந்தார்கள். கிராணி கத்தினார். ஒரு வாரம் இருவருக்கும் லாலாங் புல் வெட்டும் வேலை போட்டார்.

கையெல்லாம் கீறிக்கொண்டு பஞ்சாலை புல் வெட்ட, பக்கத்து வரிசையில் ராக்கம்மா மற்றப் பெண்களுக்கு ஏரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏரி நிறையப் படகாம், படகு நிறைய ஆட்களாம். பஞ்சாலையால் பொறுக்க முடியவில்லை.

"படகு எங்க இருந்துச்சு? ரெண்டு வாத்துதான் இருந்துச்சு," என்றாள். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, வாத்து எவ்வளவு பெரிசு என்று கையால் காட்டினாள்.