லியென் அக்காவின் வண்டிக்கு ஒரு மூலை

வியட்நாமில், கால்வாயில் போய் முடிகிற அந்தச் சந்துக்கு நஸீம் பானு குடிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காரைக்காலில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கணவன் அபுல் ஹசன் டோங் டு பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஹோட்டலில் சமையல்காரர். அவர் வேலைக்குப் போனதும் நஸீம் வீட்டு வாசலில் மேசை போட்டு செல்போன் பழுது பார்ப்பாள். வியட்நாமிய மொழியை அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டாள்.

சந்தின் கடைசியில், கரையோரமாக, ஒரு துண்டு நிலம் கிடந்தது. கேட்க ஆளில்லாததால் எல்லோரும் அங்கே குப்பை கொட்டினார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஓதம் கால்வாயில் ஏறும்போது அந்தக் குப்பையே மிதந்து வீடுகளுக்குள் வந்தது. ஒரு மழைக்காலத்தில், ஒரு வீட்டில் குழந்தை படுத்திருந்த பாய்வரை சாக்கடைத் தண்ணீர் ஏறிய பிறகு, சந்துக்காரர்கள் கூடினார்கள்.

யாரோ வந்து செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம், நாமே அந்த நிலத்தைச் சுத்தம் செய்து தோட்டம் போடுவோம் என்றார் சந்துத் தலைவர் குவாங். பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் ட்ராங் நிலத்தை ஒட்டிய சுவரில் படம் வரைவதாகச் சொன்னாள். சிலர் செடி கொண்டுவருவதாகச் சொன்னார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே எல்லோருடைய போனுக்கும் இணையம் வழியாகத் தகவல் அனுப்பும் கருவியைத் தான் செய்து தருவதாக நஸீம் சொன்னாள்.

அந்த நிலத்தின் மூலையில்தான் லியென் அக்கா தன் தள்ளுவண்டியை நிறுத்துவாள். பழைய இரும்பும் அட்டையும் வாங்கி விற்பவள், தனிக்கட்டை. அவள் அறை இருந்த பின்சந்தில் வண்டி நுழையாது. கூட்டத்துக்கு அவள் வரவில்லை. அவளைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. வேலை தொடங்கிய காலையில் போய்ப் பார்த்தால் மூலை காலியாக இருந்தது. போகும்போது அந்த இடத்தைப் பெருக்கியும் விட்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. நாம கேக்கவேண்டிய சங்கடம் இல்ல," என்றார் குவாங்.

அன்றைக்குச் சோறு போடும்போது நஸீம் கணவனிடம் சொன்னாள்: "அவங்களா போனாங்களா, நாம போக வச்சோமான்னு தெரியல மச்சான்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"அதான். இருங்கன்னும் யாரும் சொல்லல."

அபுல் ஹசன் சோற்றைப் பிசைந்தார். "சோலோன் மார்க்கெட் பக்கம், அட்டை மொத்தமா எடுக்குற தெருவுல அந்தம்மாவப் பாத்தேன். மசாலா வாங்கப் போனப்ப. லீவு அன்னைக்குப் போய்ட்டு வருவோம்."

லாரிகள் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் லியென் அக்கா வண்டியின் நிழலில் உட்கார்ந்து அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருவரையும் பார்த்ததும் எழுந்து, உட்கார ஒரு அட்டைக்கட்டை நகர்த்திப் போட்டாள்.

"சொல்லாம வந்துட்டீங்களே அக்கா," என்றாள் நஸீம்.

"படம் வரையப் போறீங்க, பூச்செடி வைக்கப் போறீங்க. நடுவுல என் வண்டி நின்னா நல்லாவா இருக்கும்?"

"ராத்திரி வண்டிய எங்க விடுறீங்க?"

"இங்கதான். வண்டிய விட்டுட்டுப் போக முடியாதே, நானும் இதுலயே படுத்துக்கறேன். ரூமைக் காலி பண்ணிட்டேன்."

நஸீம் வண்டியில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தாள். பிறகு, "திரும்பி வந்துடுங்க அக்கா," என்றாள்.

"நீ கூப்பிடுறியா, சந்து கூப்பிடுதா?"

நஸீம் சந்துக்குத் திரும்பினாள். வீட்டுக்குப் போகாமல் நேரே குவாங்கிடம் போனாள். ட்ராங்கும் அங்கே சுவருக்கு வண்ணம் கலந்துகொண்டிருந்தாள்.

"பழைய சாமான் வந்தா எலி வரும்," என்றார் குவாங்.

"அவங்க வண்டிலயே படுத்துக் கெடக்காங்க. நாம தோட்டம் போடுறோம்னுதான் போனாங்க."

"அது எனக்குத் தெரியாது," என்றார் குவாங். ட்ராங் தூரிகையைக் கீழே வைத்தாள். "அந்த மூலைய மேடாக்கிக் கூரை போடலாம். கூரையோட பக்கத் தகட்டுலயும் நான் வரைவேன். பின்சந்து ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு," என்றாள்.

மறுநாள் குவாங்கே சோலோனுக்குப் போனார். என்ன பேசினாரோ, மாலையில் அவரும் லியென் அக்காவும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார்கள்.

ட்ராங் லியென் அக்காவின் முகத்தையே சுவரில் பெரிதாக வரைய ஆசைப்பட்டாள்.

"வேணாம்மா. என்னைத்தான் தினம் பாக்குறீங்களே. மீன் வரை," என்றாள் அவள். ட்ராங் மீன் வரைந்தாள்.

கருவியைக் கால்வாய்க் கம்பத்தில் பொருத்திய பிறகுதான் நஸீமுக்கு உறைத்தது. லியென் அக்காவிடம் இருந்தது பட்டன் போன். தகவல் அதற்கு வராது. கருவியைக் கழற்றி, கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கையும் சேர்த்து மாட்டினாள்.

அடுத்த பௌர்ணமிக்கு விளக்கு எரிந்தது. போன்கள் ஒலித்தன. ஆட்கள் மோட்டார் சைக்கிள்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். லியென் அக்கா மேடாக்கிய மூலையில், புதுக் கூரையின் கீழ் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அரிசி மூட்டையைத் தூக்கப் போனாள். தண்ணீர் வந்தது, மிதந்து வரக் குப்பை இல்லை. ஆனால் சில நாட்கள் தண்ணீர் ஏறி இறங்கியதில் புதிதாக நட்ட செடிகளில் பாதி அழுகிவிட்டன.

தண்ணீர் வடிந்த பின் குவாங் சேற்றில் நின்று அழுகிய செடிகளைப் பிடுங்கினார். நஸீம் அவற்றை வாங்கிக் கூடையில் போட்டாள். "பூச்செடி தாங்காது போலிருக்கு. இந்தத் தடவை வாழை வைப்போம்," என்றார் அவர்.