காது முளைத்த வீடு

துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில்லில் பூரணிக்குத் தெரியாமல் ஒரு முட்டைகூடப் பொரியாது. அவளுக்கே, அடுத்த வீட்டு யோகலிங்கம் சுவரெல்லாம் வயர் இழுப்பது ஏனென்று பிடிபடவில்லை.

"என்ன தம்பி, வீட்டுக்குள்ள றெயில் விடப்போறீரோ?"

"இல்லையக்கா. நல்லம்மா படுத்தபடி கை தட்டினா லைற் பத்தும். இன்னொருக்காத் தட்டினா நூரும்."

நல்லம்மா அவன் மனைவி. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவள். அவன் வேலையால் வரும்வரை இருட்டில் கிடப்பாள்.

'லைற்றுக்குக் காது முளைச்சிட்டுதாம்' என்று சந்திவரை சொல்லிச் சிரித்துவிட்டு, கறிவேப்பிலை கேட்கும் சாட்டில் பூரணி உள்ளே போனாள். நல்லம்மா ஒரு தட்டுத் தட்டினாள். அறை பளிச்சென்றது. பூரணி வாயில் வைத்த கையை எடுக்கவில்லை, கறிவேப்பிலையையும் எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே, பொழுதுபடுகிற நேரம், நேவிக்காரர் வந்து நின்றார்கள்.

"ஜன்னல்ல லைற் பத்துது, நூருது. கடலுக்கு ஆருக்குச் சிக்னல்?" என்றான் பெரியவன். "வயர் எல்லாம் கழட்டு. நீ ஜீப்பில ஏறு."

"நாங்கள் தட்டாமலே பத்துது சேர், ஏனெண்டு விளங்கேல்லை..." என்றான் யோகலிங்கம். உள்ளே நல்லம்மா அழுதாள்.

"சேர், கொஞ்சம் பொறுங்கோ!" வேலிக்கு மேலால் பூரணியின் தலை. "உங்கட வெடிக்குத்தான் அது பத்துது. நான் பாத்தனான்."

"நீ எப்பிடிப் பாத்தது?"

"வேலிக்குள்ளால சேர். வேற எப்பிடி?"

கப்பலுக்குக் குண்டு வைக்கச் சுழியோடிகள் வந்துவிடாமல் துறைமுகத் தண்ணீருக்குள் நேவி வெடி போடும் காலம் அது. கேட்டுக் கேட்டு ஊருக்குக் காது மரத்துவிட்டது. அந்த வீட்டின் காதுதான் புதிது.

எல்லோரும் அடுத்த வெடிக்குக் காத்து நின்றார்கள்.

டும். ஜன்னலில் லைற் எரிந்தது.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு டும். நூர்ந்தது.

பெரியவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, மெல்ல, ஒருதரம் கை தட்டினான். எரிந்தது. கோயில் வாசலில் நிற்பவன்போல அண்ணாந்து பார்த்தான். "வயர் இருக்கட்டும்," என்றான். "ஆனா, எங்கட வெடிக்கு எரியக்கூடாது."

அடுத்தடுத்து இரண்டு தட்டுக்கு மட்டும் எரியும்படி யோகலிங்கம் அன்றைக்கே மாற்றினான்.

பூரணி தன் வீட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பல்பை நோக்கி இரண்டு தரம் தட்டினாள். பல்பு அசையவில்லை. அடுத்த வீட்டு ஜன்னல் எரிந்தது.

"ஆரது, பூரணியக்காவோ?" என்றாள் நல்லம்மா, சிரித்துக்கொண்டே.