ஆறு புள்ளி எட்டு மூன்று

பட்டியலின் முதல் வரிசையில், அக்காவின் பெயருக்கு நேரே 6.83 என்று இருந்தது. நல்ல எண்தான். இதய அறுவை முடிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் ஒரு வாரத்துக்குள் ஆபத்து நேர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எங்கள் மருத்துவமனையின் கணிப்பு நிரல் சொல்லும். பத்துக்குக் கீழே இருந்தால் அன்று மாலையே மூட்டை கட்டலாம். ஆனால் 6.83 அப்பாவின் எண்.

எப்படித் தெரியும் என்றால், நிரலைப் பழக்குவதற்காகப் பழைய நோயாளிகளின் அட்டவணையை ஒழுங்குபடுத்தியதே நான்தான். அதில் பெயர்கள் கிடையாது. வயது, எடை, சிறுநீரக நிலை, அறுவையின் வகை, தேதி, பிழைத்தாரா இல்லையா, அவ்வளவுதான். முதல் வரிசையைப் படித்ததுமே அப்பா என்று தெரிந்துவிட்டது. பெற்ற அப்பாவை எடையை வைத்துக்கூட அடையாளம் தெரியாதா என்ன? அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாளே குளியலறையில் சுருண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவர் இறந்ததைச் சேர்த்துப் படித்த பிறகும் நிரல் அவருக்குக் கொடுத்தது 6.83. அந்த எண்ணின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

பக்கத்து இருக்கைக்காரன்தான் நிரலை எழுதியவன். ஊரார் எழுதியதை அள்ளி ஒட்டுவதில் மன்னன் என்பதால் அலுவலகத்தில் அவன் பெயரே காப்பி-பேஸ்ட். "உங்கக்காவும் அவர் பொண்ணுதானே? நம்பரும் அப்பா ஜாடையா இருக்கக் கூடாதா?" என்றான்.

"வாயை மூடிட்டு அந்த நிரல் ஃபைலை அனுப்பு."

அக்காவின் வயதைத் தொண்ணூறு ஆக்கினேன். 6.83. சிறுநீரகமும் கெட்டுவிட்டதாகப் போட்டேன். 6.83. கடைசியில், இல்லாத ஒரு மூன்று வயதுக் குழந்தையை உருவாக்கி முதல் வரிசையில் வைத்தேன். அதற்கும் அதே. யாரைப் பற்றிக் கேட்டாலும் அப்பாவே எழுந்துவந்து பதில் சொன்னார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கோ முதுகு சில்லிட்டது. "அப்பா, கொஞ்சம் தள்ளிக்கோங்களேன்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். காப்பி-பேஸ்ட் தன் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டான்.

பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் அக்காவை மாலையில் அனுப்பிவிடுவார்கள். நிரலை வரி வரியாகப் படித்தேன். அகப்பட்டது. 'வயதை எடு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பழைய அட்டவணையின் வயதை எடு' என்று எழுதியிருந்தான், மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே. அட்டவணையின் பெயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், புதிதாக யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் நிரல் ஏறெடுத்துப் பார்க்காது. பழைய ஆட்களுக்கே மறுபடி மறுபடி கணித்துக்கொண்டிருக்கும்.

"நாம கேட்டது அஞ்சு பேருக்கு. பழைய நானூறு பேருக்கும்ல பதில் வந்திருக்கும்? கண்ணு தெரியலையா உனக்கு?"

தலையைச் சொறிந்தான். "வந்துச்சு. எண்ணிக்கை ஒத்துவரலன்னு எச்சரிக்கையும் வந்துச்சு. சும்மா தொணதொணக்குதேன்னு அதை அணைச்சுட்டு, முதல் அஞ்சை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன். இன்னைக்குத்தானே முதல் பட்டியல், இன்னும் யாரும் கிளம்பல."

நல்லவேளை, அவன்மேல் எறியக் கையில் கனமாக எதுவும் இல்லை. வார்டு டாக்டருக்குப் போன் செய்து பட்டியலை நிறுத்தச் சொன்னேன். சொல்வதற்கென்ன, சந்தோஷமாக இருந்தது. அக்கா இன்று போக வேண்டாம். அந்த வரியைத் திருத்தி நிரலை மறுபடி ஓட்டினேன், புதிய பட்டியல் டாக்டருக்கும் போனது.

நான்காம் படுக்கைக்காரருக்கு முப்பதைத் தாண்டியது. அக்காவுக்கு 5.12.

இது அவளுடைய சொந்த எண். வயதை ஏற்றினால் ஏறியது, இறக்கினால் இறங்கியது. அப்பா விலகிக்கொண்டுவிட்டார். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவருடைய 6.83-இலும் எந்தப் பிழையும் இருந்ததில்லையே.

வார்டுக்கு ஓடினேன். அக்கா உடை மாற்றிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். டாக்டர் நான்காம் படுக்கைக்காரரிடம் பேசி முடித்துவிட்டு வந்தார்.

"பெரிய உபகாரம் பண்ணீங்க," என்றார் என்னிடம். "அவரை நிறுத்தியாச்சு. உங்க அக்காவுக்கு முன்னைவிட நல்லா வந்திருக்கு. கூட்டிட்டுப் போங்க."

"ஒரே ஒரு நாள் இருக்கட்டும் டாக்டர்."

"காரணம்னு என்னத்தை எழுதறது?"

அப்பா என்று எந்தக் கட்டத்தில் எழுத முடியும்? அக்கா சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"டாக்டர், நெஞ்சுல இந்த இடது பக்கம் லேசா வலிக்குது," என்றாள்.

டாக்டர் உடனே மாறிவிட்டார். நாடியைப் பிடித்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், எப்போதிலிருந்து என்று விசாரித்தார். அக்கா எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். "ஈசிஜி எடுத்துடலாம். இன்னைக்கு இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் திரையை இழுத்துவிட்டேன்.

"அக்கா, நெஜமாவே வலிக்குதா? இல்ல, என் மூஞ்சியைப் பார்த்துட்டுச் சொன்னியா?"

அவள் மெதுவாகப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"எதைச் சொன்னா இன்னைக்கு நீ தூங்குவ? அதையே சொல்றேன்."

யோசித்துப் பார்த்தேன். இரண்டில் எதைச் சொன்னாலும் தூங்க மாட்டேன்.