ஐந்தாவது பெயர்

நவம்பர் இரண்டாம் நாள் திருப்பலியில் இறந்தோரின் பெயர்களை வாசிப்பது பங்கின் வழக்கம். 1997ஆம் ஆண்டு, லிபெர்த்தா வீதி வீடொன்றில் இலங்கைத் தமிழ்ப்பெண் அமலினி பராமரித்துவந்த முதியவர் நான்கு பெயர்களை எழுதிக் கொடுத்தார். நிறவெறி ஆட்சியில் தென்னாப்பிரிக்காவின் துணை அமைச்சராயிருந்த அவர், மனைவியின் ஊரான இத்தாலியின் பலேர்மோவில் ஓய்வுற்றிருந்தார். அந்நால்வரும் மறைந்துவிட்ட சக அமைச்சர்கள்.

அமலினி அடியில் ஐந்தாவது பெயரொன்றைச் சேர்த்தாள். அது தன் அயல்வீட்டு மொரிஷியஸ்காரர் வெல்லியெனின் தமையனுடையது. அந்தத் தமையன் நிறவெறிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொலிஸ் காவலில் இறந்தவர்.

"உனக்கென்ன விசரே?" என்றாள் தோழி சறோஜா. "உன்ர வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அந்த மனுசன்தான் கையெழுத்து வைக்கோணும்."

"ஓம், தெரியும். செத்தவைக்கு என்னடி தனித்தனித் தாள்?"

திருப்பலியில் முதியவர் முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் சபையோருடன் மறுமொழி கூறினார். ஐந்தாவது பெயருக்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அமலினி வேலைச் சான்றிதழை அவர்முன் வைத்தாள்.

"அந்தப் பெயரைச் சேர்த்தது யார்?" என்று அவர் இத்தாலிய மொழியில் வினவினார்.

"நான்தான், சிஞ்ஞோரே. அவரும் உங்கள் நாட்டில் இறந்தவர்."

"அவன் ஜன்னலால் தானாகக் குதித்தவன். இனி அந்தப் பெயர் வராதென்று சொல், கையெழுத்திடுகிறேன்."

ஜன்னலைப் பற்றி அமலினி எதுவும் கூறியிருக்கவில்லை. வெல்லியெனுக்கே அது தெரியாது.

அவள் கையெழுத்திடப்படாத தாளை மடித்துப் பையில் வைத்தாள். பின்னர் அவருடைய மதிய மாத்திரைகளை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, வெல்லியெனின் வீட்டை நோக்கி நடந்தாள்.